ராணுவ சிக்னல் பிரிவில் கேபிள், ஆன்டெனா வேலை: நெல்லைப் பக்கத்து இளைஞர்களுக்கான வழிகாட்டி

தரைப்படையில் கேபிள் பதிப்பதும், அறுந்ததை இணைப்பதும், ஆன்டெனா ஏற்றிப் பராமரிப்பதும் சிக்னல் படைப்பிரிவின் பொறுப்பு. 1911 பிப்ரவரி 15 அன்று தொடங்கப்பட்ட இப்பிரிவைப் பற்றிப் பேசுபவர்கள் வயர்லெஸ் கருவியை இயக்குபவரைத்தான் நினைப்பார்கள். அந்தக் கருவியிலிருந்து ஆன்டெனாவுக்கு ஏறும் கம்பியையும், முகாமுக்கு முகாம் ஓடும் ஃபைபரையும் (ஒளி வழியே செய்தி கடத்தும் கண்ணாடி இழை) பார்த்துக்கொள்பவர் யார் கண்ணிலும் படுவதில்லை. கைவேலையில் பொறுமையும் உயரத்தில் நிதானமும் உள்ளவருக்கு இது நல்ல வேலை. சீருடையின் கம்பீரத்துக்காக மட்டும் வருபவருக்குச் சீக்கிரம் சலித்துவிடும்.

முதலில் நம் பக்கத்துக் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். விஜயநாராயணத்தில் வானுயர நிற்கும் கோபுரங்கள் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையத்துக்கு உரியவை. 1990 முதல் இயங்கும் அந்த நிலையம் கடலுக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்தி அனுப்புகிறது. 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளமே 15 கிலோமீட்டர் என்பதால்தான் ஆன்டெனா அவ்வளவு பெரிதாக இருக்கிறது. ஆனால் அது கடற்படை. தரைப்படைக்கு விண்ணப்பித்து அங்கே பணியாற்றலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

சிப்பாய் நிலையில் சேரும் வழி இப்போது நான்காண்டுப் பணிக்கான அக்னிவீர் திட்டம்தான். அதில் தொழில்நுட்பப் பிரிவுக்கு, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்து மொத்தத்தில் 50 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும். அல்லது பத்தாம் வகுப்பை அதே அளவு மதிப்பெண்ணுடன் முடித்து, எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக் மெக்கானிக் போன்ற அங்கீகரிக்கப்பட்ட பிரிவில் இரண்டாண்டு ஐடிஐ முடித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பேட்டை அரசு ஐடிஐ போன்ற ஓரிடத்தில் எலக்ட்ரானிக் மெக்கானிக் முடித்துவிட்டு வருவதே மேல். பயிற்சி மையத்துக்குப் போகும்போதே இடுக்கியும் மல்டிமீட்டரும் கைக்குப் பழகியிருக்கும். வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி மாவட்டம் திருச்சி ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. முதலில் கணினிவழிப் பொதுத் தேர்வு, அதில் தேறியவர்களுக்குப் பிறகு உடல்தகுதி முகாம்.

சான்றிதழ் சரிபார்ப்பில் நம் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவது இனிஷியலில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓரெழுத்தாக இருக்கும் இனிஷியல், ஆதாரில் தகப்பனாரின் முழுப்பெயராக விரிந்தோ, பெயருக்குப் பின்னால் போயோ இருக்கும். விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஒத்தபடி திருத்திவிடுங்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் ஏமாற்றுக்காரர்.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்கும் அளவுக்குப் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கிலோ ஊர்க் குளத்தங்கரையிலோ பழகுங்கள். புல்-அப்ஸ் பத்து எடுக்கப் பழகினால், டவரில் ஏறும்போதும் அந்தக் கைவலு உதவும். கூடவே, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் நிறப்பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது. ஃபைபர் கேபிளில் பன்னிரண்டு இழைகளும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஜா, வெளிர்நீலம் என்ற வரிசையில் எண்ணப்படுகின்றன; மங்கிய டார்ச் வெளிச்சத்தில் சாம்பலையும் வெள்ளையையும் மாற்றி இணைத்தால் இரண்டு இணைப்புகளும் போயின.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கேபிள் வேலை என்று தனியாக விண்ணப்பிக்க முடியாது. எந்தப் படைப்பிரிவு, எந்தத் தொழில் என்பதைக் காலியிடமும் தேர்ச்சியும்தான் முடிவு செய்யும். சிக்னல் கிடைத்தால் ஜபல்பூரிலோ கோவாவிலோ உள்ள பயிற்சி மையத்துக்கு அனுப்புவார்கள். முதலில் ராணுவ அடிப்படைப் பயிற்சி, அதன் பிறகு தொழிற்பயிற்சி.

தொழிலின் உயிர்நாடி இணைப்புதான். ஃபைபரின் மேலுறையை உரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கிளீவர் என்ற வெட்டுக் கருவியில் செங்குத்தாக வெட்டி, ஸ்ப்லைசிங் மெஷினில் உருக்கி ஒட்ட வேண்டும். ஒளி ஓடும் உள்தண்டின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான், வெளிக் கண்ணாடியோடு சேர்த்து 125 மைக்ரான். விரலில் பட்ட ஒரு தூசு போதும், ஒளி இழப்பு கூடிவிடும். நல்ல இணைப்பில் இழப்பு 0.05 டெசிபலுக்குள் நிற்கும். வெட்டிய துணுக்குகளைத் தரையில் உதறாதீர்கள். தோலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது.

பழுதைத் தேடுவதில்தான் தேர்ந்தவர் யார் என்பது தெரியும். ஓடிடிஆர் கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு தூரம் சொல்கிறது. அது சொல்வது ஃபைபரின் நீளம், தரையின் நீளம் அல்ல. முறிவு 4,300 மீட்டரில் என்று காட்டுகிறது, வழியில் இரண்டு இணைப்புக் குழிகளில் 20 மீட்டர் வீதம் சுருட்டி வைத்திருக்கிறது என்றால், தோண்ட வேண்டிய இடம் 4,260 மீட்டரையும் விடச் சற்று முன்னால்தான் வரும். கேபிளுக்குள் ஃபைபர் முறுக்காக ஓடுவதால் அதற்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும். எந்தக் குழியில் எத்தனை மீட்டர் சுருள் என்று பதிவேட்டில் எழுதி வைக்காத அணி, ஜேசிபி வெட்டிய ஒரு கேபிளுக்காகப் பாதை நெடுகத் தோண்டிக்கொண்டிருக்கும். 1310, 1550 நானோமீட்டர் ஆகிய இரண்டு ஒளி அலைநீளங்களிலும் சோதியுங்கள். 1550-இல் மட்டும் இழப்பு கூடினால் அங்கே கேபிள் எங்கோ அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது என்று பொருள்.

ஆன்டெனா வேலையில் ஏறுவதற்கு முன் டிரான்ஸ்மிட்டரை அணைத்து, சாவியை ஏறுபவரே வைத்துக்கொள்ள வேண்டும். முழு உடல் ஹார்னஸில் இரண்டு கொக்கிகள் இருக்கும். ஒன்றை மாட்டிய பிறகே மற்றதை எடுக்க வேண்டும். கயத்தாறு, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் ஏறிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கேபிள் கனெக்டருக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுங்கள்; மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வீட்டிலேயே பழக, மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் 143-ஐ வகுத்து, அத்தனை மீட்டர் கம்பியில் டைபோல் என்ற எளிய கம்பி ஆன்டெனா ஒன்றைக் கட்டலாம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வரும். கேட்க மட்டும் பயன்படுத்துங்கள்; உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம்.

எர்த் போடுவதை எளிதாக எண்ண வேண்டாம். தாமிரபரணிப் பாசன வயலில் சுலபமாகக் கிடைக்கும் எர்த், திசையன்விளைத் தேரி மணலில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் வாய்க்காது. லடாக்கில் மண் உறைந்துவிடுவதால் இன்னும் கடினம். மின்னலிலிருந்து கருவியைக் காப்பது இந்த எர்த் குழிதான்.

சம்பளம் முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய்; அதில் 9,000 சேவா நிதிக்கு (பணி முடிவில் திரும்பக் கிடைக்கும் சேமிப்பு) பிடிக்கப்படும். நான்காம் ஆண்டில் 40,000. நான்காண்டு முடிவில் அரசின் பங்கும் சேர்ந்து வட்டி நீங்கலாக 10.04 லட்சம் கிடைக்கும்; ஓய்வூதியம் இல்லை. அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிரந்தரமாகத் தொடர முடியும். ஆகவே வெளியே வந்தாலும் பயன்படும்படி, எந்தக் கருவியில் எந்த வேலைக்குப் பயிற்சி பெற்றீர்கள் என்பதைத் திறன் சான்றிதழில் குறிப்பிடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஃபைபர் இணைப்பும் ஓடிடிஆர் சோதனையும் தெரிந்தவர்களைத் தொலைத்தொடர்பு ஒப்பந்ததாரர்கள் தேடி வருகிறார்கள். முகாம், பாதை, அதிர்வெண் விவரங்களை மட்டும் அந்தச் சான்றிலோ சுயவிவரத்திலோ எழுதக் கூடாது.