82 புள்ளி எடுத்தவருக்கு ‘சத்தி’ விளங்கவில்லை: தமிழ் படிப்பவர்களுக்கு வினாத்தாள் தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாறை நகரில் சனிக்கிழமை தோறும் சிங்களம் பேசும் அரச உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தாதியர், கிராம உத்தியோகத்தர், பொலிஸார், கந்தோர் எழுதுவினைஞர் என்று ஒரு வகுப்பில் இருபத்துநாலு பேர் வரை இருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் என்னுடைய இறுதிப் பரீட்சையில் ஒரு தாதி 82 புள்ளி எடுத்தார். அந்த வகுப்பில் அதுதான் ஆகக் கூடிய புள்ளி. இரண்டு கிழமை கழித்து வந்து ஒரு விஷயம் சொன்னார். இரவு வேலையில் வயதான உம்மா ஒருவர் அவருடைய கையைப் பிடித்து, “ராவெல்லாம் ஒரே சத்தி மகள், ஒண்டும் இறங்குதில்ல” என்றிருக்கிறார். இவருக்கு ‘மகள்’ மட்டும்தான் விளங்கியது. ‘சத்தி’ என்றால் வாந்தி. என் வினாத்தாளில் ‘வாந்தி’ என்ற சொல்லைச் சரியான படத்தோடு கோடிட்டு இணைத்தவர் இவர். “சேர், அந்தச் சொல்லை நீங்க ஒரு நாளும் சொல்லல்லையே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மனதில் நிற்கிறது.

அவர் படித்ததில் குறை இல்லை. என் வினாத்தாள்தான் தப்பான இடத்தில் தமிழைத் தேடியிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வினாவையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பிக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் கண்டதை எழுதுகிறேன். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேருகிறவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்தத் தேர்ச்சி உண்மையா என்று பார்ப்பதற்கு வினாத்தாளை விட்டால் நம் கையில் வேறு எதுவும் இல்லை.

எந்தத் தமிழைக் கேட்கிறோம்?

மற்ற எல்லாத் தவறுக்கும் மூத்தது இது. எழுதுகிற தமிழ் வேறு, கதைக்கிற தமிழ் வேறு. பிறந்ததிலிருந்து இரண்டுக்குள்ளும் புழங்குவதால் நமக்கு அந்த இடைவெளி கண்ணில் படுவதே இல்லை. வெளியிலிருந்து வருகிறவருக்கு ‘வலிக்கிறது’ ஒரு சொல், ‘நோகுது’ இன்னொரு சொல். ‘எங்கே போகிறீர்கள்?’ என்று படித்துவிட்டுக் கல்முனைச் சந்தையில் நிற்பவரிடம் “எங்க போறீங்க?” என்று கேட்டால் ஒரு நிமிடம் திகைத்துப் போகிறார்.

வினா எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, இந்த வகுப்பு முடிந்த பிறகு இவர் தமிழில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். தாதிக்கு: நோயாளி சொல்வதைக் கேட்டு விளங்க வேண்டும், மருந்தை எத்தனை வேளை குடிப்பது என்று சொல்ல வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கு: வாயால் சொல்லும் முறைப்பாடு விளங்க வேண்டும், கையால் எழுதிய விண்ணப்பத்தை வாசிக்க வேண்டும், ஒரு சிறிய அறிவித்தல் எழுத வேண்டும். ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட மொழித் தேர்ச்சிச் சட்டகமும் ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளை இப்படித்தான் விளக்குகிறது. ஒருவருக்கு எத்தனை இலக்கண விதி தெரியும் என்று அது எண்ணுவதில்லை, அந்த மொழியில் அவரால் எதைச் செய்ய முடியும் என்று பார்க்கிறது.

அந்தத் தாள் கையில் இருந்தால் எந்தப் பகுதிக்கு எந்தத் தமிழ் என்ற கேள்விக்கு விடை தானாக வரும். கேட்டல் பகுதி முழுக்கப் பேச்சுத் தமிழ். வாசிப்பும் எழுத்தும் எழுத்துத் தமிழ். பேச்சுப் பரீட்சையில் ‘போறன்’ என்று சொன்னவருக்கு, ‘போகிறேன்’ என்று சொல்லவில்லை என்பதற்காகப் புள்ளி வெட்டக் கூடாது. அப்புறம் ஒன்று: ‘ஒண்டும் இறங்குதில்ல’ அவருக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான். அவரும் அதே மாதிரிக் கதைக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம்.

குரலும் ஒரே குரலாக இருக்கக் கூடாது. மூன்று மாதம் என் குரலையே கேட்டவர்களுக்குப் பரீட்சையிலும் நானே வாசித்தால் விளங்கத்தான் செய்யும். இப்போது அக்கரைப்பற்றுக் கடைக்காரர் ஒருவர், திருக்கோவில் பக்கத்து அம்மா ஒருவர், சம்மாந்துறையில் வேளாண்மை செய்கிற பெரியவர் ஒருவர் என்று கேட்டுப் பதிவு செய்துகொள்கிறேன். உம்மா, வாப்பா என்று அழைக்கிற வீட்டுத் தமிழும் அம்மா, அப்பா என்று அழைக்கிற வீட்டுத் தமிழும் இரண்டுமே இந்த மாவட்டத்துத் தமிழ்தான்.

பிள்ளைகளின் வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு வருவது

நேரம் இல்லாதபோது எல்லோரும் செய்கிற காரியம்: தரம் 5 வினாத்தாளையோ சாதாரண தரத்துத் ‘தமிழ்மொழியும் இலக்கியமும்’ வினாத்தாளையோ போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்துவிடுவது. தமிழ் தாய்மொழியான, வீட்டில் தமிழ் கதைத்து வளர்ந்த பிள்ளைக்காகச் செய்தவை அவை. குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும் என்ற மரபுச் சொற்கள் அந்தப் பிள்ளைக்கு அழகு, தேவையும்கூட. அம்பாறையில் வேலை செய்கிற உத்தியோகத்தரிடம் விடியற்காலையில் ஆள் ஓடி வந்து சொல்லப்போவது “ஆனை வந்து வேலிய முறிச்சிட்டு ஐயா, நெல்லு மூட்டையெல்லாம் போயிட்டு” என்பதைத்தான். அதில் எத்தனை ஆனை, எந்த ஊர், ஆளுக்கு ஏதும் ஆபத்தா என்று கேட்டு எழுதத் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். ‘பிளிறும்’ தெரியாவிட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை.

இறுதிப் பரீட்சைத் தாளையே முதல் நாள் கொடுத்து வகுப்புப் பிரிப்பதும் இதே வகைதான். தொடக்கநிலை ஆள் எல்லாரும் 10க்குக் கீழே நிற்பார்கள், அவர்களுக்குள் யார் எங்கே என்று தெரியாது. வகுப்புப் பிரிக்கிற தாளில் மிக இலேசான வினாக்கள் நிறைய வேண்டும்.

ஆங்கில வினாத்தாளின் அச்சில் தமிழை வார்ப்பது

‘சொற்களை ஒழுங்குபடுத்தி வாக்கியம் ஆக்குக.’ ஆங்கிலப் புத்தகங்களில் இது நல்ல வினா. அங்கே சொல்லின் ஒழுங்கு மாறினால் பொருளே மாறும். தமிழிலோ ‘நான் நாளைக்குச் சந்தைக்குப் போவேன்’, ‘நாளைக்கு நான் சந்தைக்குப் போவேன்’, ‘சந்தைக்கு நான் நாளைக்குப் போவேன்’ மூன்றும் சரி. விடைத்தாளில் ஒன்றை மட்டும் சரி என்று போட்டால் மற்ற இரண்டையும் சரியாக எழுதியவர் புள்ளி இழக்கிறார். இன்னொரு பக்கம், சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும். ஆகவே அவருடைய சொந்த மொழியின் ஒழுங்கில் அடுக்கினாலே விடை வந்துவிடும். அந்த வினாவுக்குப் போட்ட ஐந்து புள்ளியும் நமக்கு எதையும் சொல்லவில்லை.

சிரமம் எங்கே இருக்கிறது? வினையின் வாலில். பேச்சுச் சிங்களத்தில் நான் போனாலும் அவர் போனாலும் அவர்கள் போனாலும் ‘யனவா’ ஒன்றுதான். தமிழில் போறன், போறீங்க, போறார், போறாங்க என்று ஆளுக்கு ஆள் மாறும். ‘நான் வாறார்’ என்று வருகிற பிழை இதனால்தான். வினாவை அங்கே வையுங்கள்.

இடைவெளி நிரப்புவதிலும் இதே கவனம் வேண்டும். ஒரு பந்தியில் குறித்த எண்ணிக்கைக்கு ஒரு சொல்லை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் முறையை 1953இல் டெய்லர் என்பவர் முன்வைத்தார், அதுவும் ஆங்கில வாசிப்பு எவ்வளவு கடினம் என்று அளப்பதற்காக. தமிழில் ஒரு சொல்லை எடுத்தால் காலம், ஆள், வேற்றுமை எல்லாம் ஒன்றாகப் போய்விடும். முழுச் சொல்லை எடுக்காமல் பாதியை விட்டு வையுங்கள்: ‘அம்மா நேற்று மருந்து குடித்____.’ அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று இதில் பளிச்சென்று தெரியும்.

சொல் இணைக்கிற வினாவில் அக்கா, கடை, கூலி, இலக்கம், கடலை என்று போட்டால் சிங்களத்தில் அக்கா, கடே, குலிய, இலக்கம, கடல என்று எல்லாம் அங்கேயே இருக்கின்றன. முதல் நாள் பயம் தெளிவிக்க இவை அருமையான சொற்கள். புள்ளி கொடுக்க வேண்டாம்.

விளங்காமலே விடை எழுத விடுவது

கீழே உள்ளதை வாசித்து விடை சொல்லுங்கள்.

‘குமிலன் பசுட்டைக் கொவினான். குமிலன் எதைக் கொவினான்?’

பசுட்டை! சரியான விடை, முழுப் புள்ளி. இதில் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கிடையாது, நான் இட்டுக்கட்டியவை. நம் வாசிப்பு வினாக்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. பந்தியில் உள்ள வாக்கியத்தைக் கண்டுபிடித்துப் பார்த்து எழுதத் தெரிந்தால் போதும்.

இதற்கு மருந்து சுலபம். வாசிப்பையும் கேட்டலையும் சோதிக்கும்போது விடையைச் சிங்களத்தில் எழுத விடுங்கள், அல்லது படிவம் நிரப்ப விடுங்கள். நோயாளியின் கதையைக் கேட்டு ‘எத்தனை நாளாகக் காய்ச்சல், வயிற்றோட்டம் உண்டா, ஏற்கனவே என்ன மருந்து குடித்தார்’ என்று தன் மொழியில் குறித்துவிட்டால் அவருக்கு விளங்கியிருக்கிறது. “அப்படியானால் அது தமிழ்ப் பரீட்சையா?” என்று என்னோடு வேலை செய்கிற ஒருவர் கேட்டார். விளங்கியதா என்று பார்ப்பதுதானே அந்தப் பகுதியின் வேலை.

எழுத்துப் பிழைக்கு எல்லா இடத்திலும் புள்ளி வெட்டுகிற பழக்கத்தையும் இங்கே நிறுத்த வேண்டும். ல, ள இரண்டும் சிங்கள எழுத்தில் உண்டு, பேச்சில் ஒரே ஒலிதான். ன, ண அப்படியே. ஆகவே ‘பள்ளிக்குப் போனார்’ என்பது ‘பல்லிக்குப் போனார்’ ஆகும். எழுத்துப் பகுதியில் அதைத் திருத்துங்கள், புள்ளியும் குறையுங்கள். கேட்டல் பகுதியில் அவர் போன இடம் விளங்கியிருந்தால் முழுப் புள்ளி கொடுங்கள்.

பல்தேர்வு வினா பற்றி ஒரு கணக்கு மட்டும். நாலு விடை உள்ள 20 வினாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கோடிட்டால் சராசரியாக 5 சரி வரும். சரி, பிழை என்று இரண்டே விடை என்றால் 10. தேர்ச்சிப் புள்ளியைத் தீர்மானிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

வாய்மொழிப் பரீட்சையைக் கைவிடுவது

“இருபத்துநாலு பேரை எப்படித் தனித்தனியாகக் கேட்பது?” என்று சொல்லித்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள். ஆளுக்கு 8 நிமிடம் என்றால் 192 நிமிடம், மூன்று மணித்தியாலத்துக்கு மேல். இரண்டு இரண்டு பேராக 10 நிமிடம் உட்கார வைத்தால் இரண்டு மணித்தியாலத்தில் முடிகிறது. ஒருவர் உத்தியோகத்தர், மற்றவர் பொதுசனம். ஆளுக்கொரு அட்டை. பிறகு மாற்றிக்கொள்ளலாம். அட்டைகள் எட்டு ஒன்பது வகையாவது வேண்டும், இல்லாவிட்டால் முதலில் வெளியே போனவர் வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

புள்ளியை மனம் போன போக்கில் போடாதீர்கள். சொன்னது விளங்கியதா, தேவையான கேள்வியைக் கேட்டாரா, விளங்காதபோது ‘திருப்பிச் சொல்லுங்க’ என்று கேட்கத் தெரிந்ததா என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்தக் கடைசி விஷயத்துக்கு நான் தாராளமாகப் புள்ளி கொடுக்கிறேன். விளங்காமல் தலையாட்டுகிற தாதியைவிடத் திருப்பிக் கேட்கிற தாதியிடம் நோயாளிக்குப் பாதுகாப்பு அதிகம். முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியே புள்ளி போட்டு ஒப்பிடுங்கள்.

கேட்டல் பரீட்சைக்கு நாள் குறிக்கும்போது மாரியையும் பாருங்கள். ஒரு டிசம்பரில் தகரக் கூரைக்குக் கீழே போனை உயர்த்திப் பிடித்துப் பதிவைப் போட்டேன். மழை பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு நல்ல புள்ளி, பின்வரிசைக்கு இல்லை. அந்தத் தாளை ரத்துச் செய்து திரும்ப வைத்தேன்.

புள்ளியைப் பதிந்துவிட்டுத் தாளைக் கட்டி வைப்பது

திருத்தி முடிந்த பிறகு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். கூடப் புள்ளி எடுத்த எட்டுப் பேரின் தாள் ஒரு பக்கம், குறையப் புள்ளி எடுத்த எட்டுப் பேரின் தாள் மற்றப் பக்கம். ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு பக்கத்திலும் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். எல்லோரும் சரியாக எழுதிய வினா யாரையும் பிரித்துக் காட்டவில்லை. ஒருவருமே எழுதாத வினா என்றால் நாம் படிப்பித்தோமா என்று நம்மைக் கேட்க வேண்டும். கெட்டிக்காரர் பிழைவிட்டு மற்றவர்கள் சரியாகச் செய்த வினா இருந்தால் அதைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள்.

எனக்கு அப்படி ஒன்று அகப்பட்டது. ‘நாளைக்கு வாங்க’ என்று மட்டும் எழுதி, சிங்களத்தில் பொருள் கேட்டிருந்தேன். குறையப் புள்ளி எடுத்தவர்கள் ‘நாளைக்கு வாருங்கள்’ என்ற விடையைக் கோடிட்டிருந்தார்கள். மேலே நின்றவர்களோ, ‘வாங்குதல்’ என்ற வினையை நன்றாகப் படித்தவர்கள், ‘நாளைக்குத் தேவையானதை வாங்குவதற்கு’ என்ற விடையை எடுத்திருந்தார்கள். வெறும் இரண்டு சொல்லாக நிற்கும்போது அதுவும் சரிதான். அவர்கள் எல்லோருக்கும் அந்தப் புள்ளியைக் கொடுத்தேன். இப்போது அந்த வினா கேட்டல் பகுதியில் இருக்கிறது. “இண்டைக்கு டொக்டர் இல்ல, நாளைக்குக் காலையில துண்டோட கிளினிக்குக்கு வாங்க” என்று ஒரு குரல் வரும். கேட்கிறவர் நாட்காட்டியில் சரியான நாளை வட்டமிட்டு, கையில் கொண்டுபோக வேண்டிய பொருளின் படத்துக்கு அடையாளமிட வேண்டும்.