ஆன்மிகம் கலந்த இளையோர் மிகுபுனைவுக்கு (ஃபேன்டசி) வாசகராகக் கருத்து எழுதுவது எப்படி?

நாவலை முடித்த அன்றே கருத்தை எழுத உட்காராமல், எந்தப் பக்கத்தில் வாசிப்பு நின்று மனம் வேறெங்கோ போனது என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாள் கழித்தும் அந்தப் பக்கம் நினைவில் நின்றால், எழுத வேண்டியது அதைப் பற்றித்தான்.

இத்தகைய கதைகளைப் பற்றிய சச்சரவு, நம்பிக்கையையும் கதைத்திறனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பெரும்பாலும் எழுகிறது. சி. எஸ். லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதிய மிகுபுனைவுத் தொடரான நார்னியாவின், 1950-இல் வெளிவந்த முதல் நூலில் அஸ்லான் என்ற சிங்கம் உயிர்கொடுத்து மீண்டெழுவதைக் கிறிஸ்துவின் உயிர்ப்பாகப் படித்தவர்களும் உண்டு, சாகசமாக மட்டும் படித்து மகிழ்ந்த சிறுவர்களும் உண்டு. இரண்டும் நேர்மையான வாசிப்புகளே. ஆகவே "போதனை அதிகம்" என்று பொதுவாகச் சொல்லாமல், இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். எடுத்துக்காட்டாக, பதினைந்து வயது நாயகி கைநடுங்கப் பிரார்த்திக்கும்போது கதை நகர்கிறது. அதே பிரார்த்தனையின் பொருளைக் குரு மூன்று பக்கங்களுக்கு விளக்கும்போது கதை நின்றுவிடுகிறது. அந்த வேறுபாட்டை எழுதுவதே விமர்சனம் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் நம்பிக்கை எது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. முடிவை வெளிப்படுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே எச்சரியுங்கள். இளையோர் எவரேனும் அந்நூலால் ஆறுதல் பெற்றதாகச் சொல்லியிருந்தாலும், நடையின் குறைகளைத் தயங்காமல் சுட்டுங்கள். அந்த ஆறுதலை மட்டும் கேலிக்கு உள்ளாக்காதீர்கள்.