வே புரோட்டீன் பவுடர்: முதல் டப்பா வாங்குபவர்களுக்கு

பாலைத் திரித்து சீஸ் செய்யும்போது பிரிந்து வரும் நீர்தான் வே. அதிலுள்ள புரதத்தை வடிகட்டிப் பிரித்து, உலர்த்தி, சாக்லேட், வெனிலா என்று சுவை சேர்த்து டப்பாவில் அடைக்கிறார்கள். அடிப்படையில் இது பால்தான். அதனால் பால் ஒவ்வாமை இருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

1. கணக்குப் போடுங்கள்

ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை சொல்வார்கள். 60 கிலோ எடையுள்ளவர் 1.4 என்று வைத்துக்கொண்டால் 84 கிராம். சாப்பாட்டிலேயே 65 கிராம் கிடைக்கிறது என்றால் குறைவது 19 கிராம்தான், ஒரு ஸ்கூப்பில் (டப்பாவுக்குள் வரும் அளவுக் கரண்டி) சரியாகிவிடும். குறையே இல்லையா? அப்படியானால் வாங்கவே வேண்டாம்.

2. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்துப் படத்தில் மயங்கிவிடாதீர்கள், விஷயமெல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது. 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் 80 சதவீதம். 33 கிராம் ஸ்கூப்பில் 21 கிராம் என்றால் 64 சதவீதத்துக்கும் குறைவு. மீதி இடத்தில் பெரும்பாலும் சர்க்கரை, கொழுப்பு, கோகோ, சுவையூட்டிகள். சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்கள் தனியாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். புரதத்தை நைட்ரஜனை வைத்து அளக்கும்போது, நைட்ரஜன் உள்ள இந்த மலிவான சேர்க்கைகள் அளவைக் கூட்டிக் காட்டும்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறதா? கான்சென்ட்ரேட் என்ற சாதாரண வகையை விட, இன்னும் நன்றாக வடிகட்டிய ஐசொலேட் வகையில் லாக்டோஸ் (பால் சர்க்கரை) குறைவு, அதை எடுங்கள். எதுவானாலும் சுவை பிடிக்குமா என்று தெரியாமல் பெரிய டப்பா வேண்டாம். முதலில் சின்ன பாக்கெட் போதும்.

3. கலக்குவது

முதலில் தண்ணீர், அப்புறம்தான் பவுடர். மாற்றிச் செய்தால் பவுடர் அடியில் களிமண் மாதிரி ஒட்டிக்கொள்ளும், விரல் விட்டுச் சுரண்டினாலும் வராது. ஷேக்கரில் 200 முதல் 250 மில்லி குளிர்ந்த தண்ணீரோ பாலோ ஊற்றி, பவுடரைத் தூவி, கம்பிப் பந்தைப் போட்டு மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை கட்டி நிற்கும். இரண்டு நிமிடம் அப்படியே வையுங்கள், அடங்கிவிடும். கொதிக்கும் நீர் வேண்டவே வேண்டாம், முட்டை வெந்த மாதிரி புரதம் திரண்டு போகும். சுவை திகட்டுகிறது என்றால் தண்ணீரைக் கூட்டுங்கள். ஒரு சிட்டிகை காபித் தூள் சாக்லேட் சுவைக்கு அருமையாகச் சேரும்.

முதல் மூன்று நாள் அரை ஸ்கூப் மட்டும். வயிறு ஏற்றுக்கொண்டால் முழு ஸ்கூப்புக்குப் போகலாம். பயிற்சி முடிந்த கையோடு குடிக்க வேண்டுமென்று பதற வேண்டாம், நாள் முழுவதும் சேர்த்து எவ்வளவு போகிறது என்பதே முக்கியம்.

குடித்த உடனே ஷேக்கரைக் கழுவிவிடுங்கள். மூடி இடுக்கில் தங்கிய பால் புரதம் சில மணி நேரத்திலேயே நாற ஆரம்பிக்கும்.