பாசிர் ரிஸ் சேறும் எங்கள் சனிக்கிழமையும்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநில நடைபாலத்துக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் ஏமாந்தோம். காலை ஒன்பதரைக்குப் போனால் பலகைக்குக் கீழே கலங்கிய தண்ணீர் மட்டும். பத்தே நிமிடத்தில் சின்னவள் "தூக்குப்பா" என்பாள். வாரம் முழுக்க ஓடிக் களைத்த எங்களுக்கோ தூக்கத் தெம்பில்லை.

தின்பண்டம் கூட்டினேன். தள்ளுவண்டி கொண்டுபோனேன். ஒன்றும் எடுபடவில்லை.

மூன்றாம் முறைதான் கவனித்தேன்: அறிவிப்புப் பலகைப் படத்தில் முழுக்கச் சேறு, நடைபாலத்துக்குக் கீழே முழுக்கத் தண்ணீர்! சரி என்று கடல்மட்ட அட்டவணையைப் பார்த்தேன். கடல் ஏறும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். 14 நாளில் ஏறக்குறைய 12 மணி நேரம். நாளுக்கு இரண்டு ஏற்றம் வேறு; ஆக இரண்டு வாரம் கழித்தும் அதே நேரத்துக்கு ஏற்றம்தான். மனைவிக்கு ஒரு சனி விட்டு ஒரு சனிதான் லீவு. அதனால் ஒவ்வொரு தடவையும் ஏற்றத்திலேயே போய் நின்றிருக்கிறோம்.

அடுத்த லீவுக்கு மாலை நான்கு மணிக்குப் போனோம். சேறு பளபளத்தது. துடுப்பை ஊன்றித் தத்தும் மீன்கள், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதான ஆண் நண்டுகள். சின்னவள் குந்தி உட்கார்ந்தவள்தான், அரை மணி நேரம் எழவில்லை. அப்புறம் கொசு வந்தது. அதற்கு மருந்து எடுத்துப் போங்கள்.