மின்சாரக் கார் வரிச்சலுகை: காசைக் கரைக்கும் பிழைகள்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தபின், யாழ்ப்பாணத்தில் மின்சாரக் கார் எடுக்க நினைப்பவர்களுக்குக் கடதாசி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் இடறின அதே இடத்தில்தான் புதிதாக வருபவர்களும் இடறுகிறார்கள். கையெழுத்து விட்டுப்போனது, பிரதி எடுக்க மறந்தது எல்லாம் இங்கே வேண்டாம்.

40 என்ற எண்

பெற்றோல் காருக்கு உற்பத்தி வரி எஞ்சின் சீசீயைப் பார்த்து. மின்சாரக் காருக்கு மோட்டரின் வலுவைப் பார்த்து, அதாவது கிலோவாட் கணக்கில். 50, 100, 200 என்று படிகள் உண்டு. படி ஏற ஏற, ஒரு கிலோவாட்டுக்கான வரியும் ஏறும்; அந்த விகிதம் மிச்சப் பகுதிக்கு மட்டுமல்ல, முழு வலுவுக்கும் விழும்.

சாவகச்சேரித் தம்பி ஒருவர் ஜப்பான் ஏலத்தாளோடு, அதாவது அங்கே ஏலத்துக்கு வந்த காரின் விபரத்தாளோடு, வந்தார். நிசான் லீஃப். '40' ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். "அண்ணை, 50க்குக் கீழைதானே, ஆகக் குறைஞ்ச வரிதானே?" ரொறன்ரோ மாமா முற்பணமும் கட்டியாயிற்று.

அந்த 40, பற்றரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற கணக்கு, கிலோவாட்மணியில். மோட்டரோ 110 கிலோவாட். எண்ணே இரண்டே முக்கால் மடங்கு, அதுக்கு மேல் இரண்டு படியும் தாண்டிவிட்டது. சொன்னால், "யூடியூப்பில் அப்படிச் சொல்லேல்லையே" என்கிறார். எத்தனை பேரிடம் கேட்டாலும் இந்தப் பதில் எரிச்சலைக் கிளப்பும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பற்றரியைத்தான். வரி கேட்பது மோட்டரை. நிசான் சகுராவிலும் மோட்டர் எண்தான் பெரிது: பற்றரி 20, மோட்டர் 47. ஆனால் 47 முதல் படிக்குள் அடங்கும். தயாரிப்பாளரின் விபரத்தாளில் உச்ச வலு என்ன என்று பார்க்காமல் எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி தரும் கடன் கடிதம்) திறக்காதீர்கள்.

பழசு மலிவு

ஏலத்தில் மலிவு, சரி. ஆனால் ஒரு வருடத்தைத் தாண்டிய மின்சாரக் காருக்குக் கிலோவாட் விகிதம் அதிகம். விலையையும் வரியையும் கூட்டிப் பாருங்கள்.

சொகுசு வரி

2025 விதிப்படி, சீ.ஐ.எவ் பெறுமதி (கார் விலை, காப்புறுதி, கப்பல் கூலி சேர்ந்தது) 60 லட்சம் ரூபாவைத் தாண்டினால் மின்சாரக் காருக்கும் உண்டு.

புகைக் கணக்கு

சலுகை காபனைக் குறைக்கத்தான். இரவில் சார்ஜ் போட்டால் நுரைச்சோலை மின்நிலையத்து நிலக்கரியும் உங்கள் பற்றரிக்குள் வருகிறது. கூரையில் சோலார் இருந்தால் மத்தியானம் போடுங்கள். அந்த நேரம் கார் கந்தோர் வாசலில் நிற்குமென்றால், அங்கே பிளக் பொயின்ற் கிடைக்குமா என்பதைக் கார் வாங்கமுதலே கேட்டு வையுங்கள்.