டிராக்டர் வாங்கும் முன் வயலில் இறங்கிப் பாருங்கள்: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கிறதோ இல்லையோ, மே மாதம் வந்துவிட்டால் மன்னார்குடி, திருவாரூர் பக்கத்து டிராக்டர் ஷோரூம்களில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பல வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், சென்னை வேலை போதும் என்று வந்த பிள்ளைகள், குத்தகைக்கு விட்டிருந்த அப்பாவின் நிலத்தைத் தாங்களே பார்க்கலாம் என்று முடிவெடுத்தவர்கள். இரண்டு வேலி, மூன்று வேலி நஞ்சை இருக்கும்; ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். கூடவே ஒரு தென்னந்தோப்பு. வாடகைக்கு வண்டி ஓட்டத் தொடங்கிய காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் பட்ட அடியையே இவர்களும் வரிசை மாறாமல் படுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆயில் பாருங்கள், காற்று பாருங்கள் என்பதெல்லாம் வண்டியோடு தரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குள் போகவில்லை.

விளம்பரத் தாளில் இருக்கும் ஹெச்.பி.யை நம்புவது

பெரிய எழுத்தில் போட்டிருப்பது இன்ஜினின் சக்தி. சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சுற்றுவது பின்பக்கம் இருக்கும் பி.டி.ஓ. தண்டு. இன்ஜினிலிருந்து அங்கே வந்து சேர்வதற்குள் பத்து, பதினைந்து சதவீதம் குறைந்துவிடும். 45 ஹெச்.பி. என்று வாங்கும் வண்டி பி.டி.ஓ.வில் 38, 40 தந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ரோட்டவேட்டரின் அகலத்தில் அடிக்கு 8 ஹெச்.பி. என்று நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு களிமண்ணில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆறடி ரோட்டவேட்டரை 35 ஹெச்.பி. வண்டியில் மாட்டிவிட்டு இன்ஜின் திணறுகிறது என்று கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த வண்டிகளுக்கு அறிக்கை உண்டு. பி.டி.ஓ. சக்தி, எடை, டீசல் செலவு எல்லாம் அதில் அளந்து போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்கும் மாடலின் அறிக்கையை ஷோரூமில் கேளுங்கள்.

தேவையில்லாமல் 50 ஹெச்.பி.யைத் தாண்டுவது

2023 ஜனவரி முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் அந்த வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் சேர்ந்துவிட்டன. விலையும் கூடிவிட்டது. கடைத்தெரு மெக்கானிக் நாசிலைக் கழற்றித் துடைத்துச் சரிசெய்யும் வேலை இவற்றில் நடக்காது. மூன்று வேலி நஞ்சைக்கு அவ்வளவு பெரிய வண்டி வேண்டாம்.

சேற்றில் வண்டியின் எடையை மறப்பது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரவைக்கும் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பணம் போகும், இரண்டு போகத்தில் சம்பாதித்துக்கொள்ளலாம். இதில் வயலே போய்விடும்.

நஞ்சை வயலில் சேற்றுக்கு அடியில், ஒரு சாணுக்குள்ளாக, இறுகிப்போன மண் அடுக்கு ஒன்று இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மாடு மிதித்து, கலப்பையின் அடி தேய்த்து இறுகியது. சேற்றில் இறங்கினால் கால் போய் நிற்கிறதே, அந்த இடம். நிறுத்திய தண்ணீரை அதுதான் தாங்குகிறது. நடவு ஆட்களையும் அறுவடை மெஷினையும் தாங்குவதும் அதுதான். அதை ஒரு தடவை உடைத்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த வருஷம் அதே தடத்தில் வண்டி இன்னும் ஆழமாகப் போகும். மூன்றாம் வருஷம் அந்த இடம் உளை, அதாவது அடி இல்லாத புதைசேறு. சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை மெஷின்கூட அதில் இறங்கத் தயங்கும், சுற்றிக்கொண்டு போகும். நடுவில் நிற்கிற கதிரை ஆள் வைத்துத்தான் அறுக்க வேண்டும்.

போன சம்பா நடவுக்குச் சேறடிக்கும்போது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடைப் பக்கம் ஒரு வயலுக்குக் கூப்பிட்டார்கள். வளைகுடாவிலிருந்து வந்த தம்பி, புது வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய மாடல். இன்ஜின், கியர் பெட்டி, அடிப்பாகம் எல்லாம் சேர்ந்து இரண்டு டன்னுக்கு மேலே. அதற்குப் பின்னால் ஏழடி ரோட்டவேட்டர். போதாக்குறைக்கு, டிரெய்லர் இழுக்கும்போது வழுக்காமல் இருக்கட்டும் என்று பின் சக்கரங்களில் வார்ப்பிரும்பு எடைகளை மாட்டி, டயருக்குள் தண்ணீரும் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். கரும்பு லோடு இழுக்கிற வண்டிக்கு அது சரி. சேற்று வயலில் வண்டியை அமுக்கிக் கீழே தள்ளுவதற்குச் சமம்.

நான் போனபோது பின் டயர் அச்சு வரைக்கும் உள்ளே இருந்தது. வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்திருந்தது. வயிறு உட்கார்ந்துவிட்டால் எத்தனை சக்கரம் சுற்றினாலும் பிரயோஜனமில்லை. அந்தத் தம்பி ஆக்சிலேட்டரை மிதித்த ஒவ்வொரு தடவையும் டயர் அடியிலிருந்து வேறு நிற மண் மேலே வந்துகொண்டிருந்தது. மேல் சேறு கறுப்பு. இது வெளிறிய, கட்டி கட்டியான மண். அடி அடுக்கு பெயர்ந்துவிட்டது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டாம். வரப்பில் அவருடைய சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அந்த வயலை அத்தனை வருஷம் குத்தகைக்குப் பார்த்தவர். "தம்பி, நிறுத்துப்பா. வண்டி போனா வாங்கிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் இரண்டு பேர் பனந்துண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், பின் சக்கரத்தில் குறுக்கே கட்டி ஏற்றலாம் என்று. இதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். சக்கரம் சுற்ற முடியாமல் பிடித்துக்கொண்டால் இன்ஜினின் விசை வண்டியைத் தூக்கப் பார்க்கும். முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் கிளட்சை மிதிப்பதற்குள் அவர் மேலேயே கவிழ்ந்துவிடும். இப்படி உயிர் போயிருக்கிறது. சங்கிலி கட்டி இழுப்பதானாலும் இழுக்கிற வண்டியில் பின்பக்கம் அடியில் இருக்கும் டிராபார் என்ற இழுவைக் கம்பியில்தான் கட்ட வேண்டும். அச்சுக்கு மேலே எங்கே கட்டினாலும் அதே ஆபத்து. அன்றைக்கு ரோட்டவேட்டரைக் கழற்றி, சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, கெட்டித் தரையில் நின்ற வண்டியிலிருந்து நீளச் சங்கிலி போட்டு மெதுவாக இழுத்தோம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வயலின் அந்த மூலையில் இன்றைக்கும் தண்ணீர் நிற்பதில்லை.

நான்கு சக்கரமும் இழுத்தால் புதையாது என்று விற்பவர்கள் சொல்வதைப் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இழுவை கூடும், உண்மை. முன் சக்கரம் தானாக ஏறி வரும், வரப்புத் தாண்டுவது சுலபம். ஆனால் முன் அச்சில் சேர்கிற பாகங்களால் வண்டியின் எடையும் கூடும். கெட்டியான அடி இருக்கிற வயலில் அது வரம். உளையில், இரண்டு சக்கர வண்டி சிக்கும் இடத்தைத் தாண்டி இன்னும் உள்ளே போய்ச் சிக்கும், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? வண்டி பார்க்கப் போவதற்கு முன் உங்கள் வயல் ஒவ்வொன்றிலும் தண்ணீர் கட்டி ஊறியபின் இறங்கி நடங்கள். நடுவிலும் நான்கு மூலையிலும் நடங்கள். மதகு வாயிலை விடாதீர்கள், அங்கேதான் ஆழம் அதிகம். டிராக்டரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி பெரும்பாலும் 35 முதல் 40 சென்டிமீட்டர்தான். கால் கெண்டைச்சதை அளவோடு நின்றால் டிராக்டர் ஓடும். முழங்கால் வரை போனால் அந்த வயலுக்கு எந்த டிராக்டரும் வேண்டாம், கையால் பிடித்து ஓட்டும் பவர் டில்லரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் என்றால் 35, 40 ஹெச்.பி.யில் எடை குறைந்த வண்டி, ஐந்தடி ரோட்டவேட்டர், புதையாமல் இருக்க டயருக்கு வெளிப்பக்கம் பூட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான அரைக் கேஜ் வீல். சக்கர எடைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். டயரில் தண்ணீர் இருந்தால் இறக்கிவிடுங்கள்.

சொந்த வண்டி வாங்காதவர்களுக்கும் இது பொருந்தும். தண்ணீர் வந்த அவசரத்தில் வெளி மாவட்டத்திலிருந்து வாடகைக்கு வரும் ஓட்டுநருக்கு உங்கள் வயலின் அடி தெரியாது. ரோட்டவேட்டரை எவ்வளவு இறக்க வேண்டும் என்று நீங்கள்தான் வரப்பில் நின்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே அடி உடைந்துபோன வயல் என்றால், கோடையில் பயறு, உளுந்து எடுத்தபின் நன்றாகக் காயவிடுங்கள். களி வெடித்து இறுகட்டும். அடுத்த சில போகங்களுக்குக் கனமான வண்டி எதையும் அங்கே இறக்காதீர்கள்.

மினி டிராக்டரை வைத்து மூன்று வேலி நஞ்சையை முடித்துவிடலாம் என்று நினைப்பது

முடியாது. தண்ணீர் வருகிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. வாழைக்கும் காய்கறிக்கும் நல்ல வண்டி.

வயலுக்குப் போகும் வழியை அளக்காமல் வாங்குவது

டெல்டாவில் பாதி வயலுக்கு வண்டிப்பாதை கிடையாது. அடுத்தவர் நடுவதற்குள் அவர் வயல் வழியாக உள்ளே போய்த் திரும்பிவிட வேண்டும். வாய்க்கால் மதகுகளும் ஒற்றை மாட்டு வண்டிக் காலத்தில் கட்டிய அகலம். அரைக் கேஜ் வீல் பூட்டினால் வண்டியின் அகலம் இரண்டு பக்கமும் கூடும். இரும்பு வீலோடு தார் ரோட்டிலும் ஓட்ட முடியாது, ரோடு கிழிந்துவிடும். ஆகவே வீலை வயலுக்குத் தனியாகக் கொண்டுபோய் அங்கே பூட்டிக் கழற்ற வேண்டும். ஒரு மா, ஒன்றரை மாத் துண்டு (ஒரு மா ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) வயல்களில் பெரிய வண்டி திரும்பவே பாதி நேரம் போய்விடும். நான்கு மூலையும் உழாமல் நிற்கும், அதற்குத் தனியாக மண்வெட்டி ஆள் வேண்டும். வேலிக் கணக்கைவிட உங்கள் துண்டுகளின் அளவு முக்கியம்.

தோப்புக்கும் அதே ரோட்டவேட்டரை விடுவது

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் புல்லை ஒழிக்க மாதாமாதம் ரோட்டவேட்டர் விடுகிறார்கள். தோப்பு கோவில் பிரகாரம் போலச் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசை. தென்னையின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில், மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள் பரவுகிறது. அதை ஒவ்வொரு தடவையும் அறுத்துக்கொண்டே இருக்கிறோம். 1952 புயலுக்குப் பிறகு இந்த மண்ணில் கண்டறியப்பட்டு இதன் பெயராலேயே வழங்கும் தஞ்சாவூர் வாடல் நோய் வேர் வழியாகவும் மண் வழியாகவும் பரவுவது. நோய் இருக்கிற தோப்பில் உழவே கூடாது என்றுதான் வேளாண் பல்கலைக்கழகமும் சொல்கிறது.

புல்லை வெட்டினால் போதும். பி.டி.ஓ.வில் மாட்டும் ஸ்லாஷர் 25 அடி இடைவெளித் தோப்பில் தாராளமாக ஓடும். விழுந்த மட்டையை முதலில் பொறுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். மரத்தடிக்குத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர். அதில் ஒரு எச்சரிக்கை: 2018 கஜா புயலுக்குப் பிறகு நட்ட மரங்களில் அடித்தண்டு இன்னும் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. பிளேடு பட்டுக் காயமானால் அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். உள்ளே புழு குடைவது வெளியே தெரியும்போது மரம் கை நழுவிப் போயிருக்கும். இளமரத்தைச் சுற்றி மூன்றடிக்குள் அரிவாள்தான்.

ஆயில் சீலைக் கேட்காமல் வாங்குவது

சேற்று வேலைக்கு வண்டி கேட்கிறீர்கள் என்றால் முதல் கேள்வி, பின் அச்சிலும் முன் ஹப்பிலும் சேறு புகாமல் என்ன தடுப்பு இருக்கிறது என்பதாக இருக்கட்டும். ஒரு போகம் முடிந்ததும் வடிகால் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக வந்தால் சரி. வெளுத்துக் குழம்பி வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே மாற்றினால் சீல் செலவோடு போகும், தள்ளிப்போட்டால் பேரிங்கும் பல்சக்கரமும் சேர்ந்து போகும்.

வாடகைக் கணக்குப் போடாமல் வாங்குவது

இரண்டு வேலி என்பது ஏறக்குறைய 13 ஏக்கர். குறுவை, தாளடி இரண்டுக்கும் ஏக்கருக்கு நான்கு மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் வருஷத்துக்கு நூறு மணி நேரச் சொச்சம்தான் வரும். ஆயிரம் மணி நேரம் ஓட வேண்டிய வண்டி மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும், தவணை நிற்காது. வெளி வேலைக்கு விடப்போகிறீர்களா, நம்பகமான ஓட்டுநர் இருக்கிறாரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் வேளாண் பொறியியல் துறை வண்டிகளை வாடகைக்குத் தரும் இ-வாடகை இருக்கிறது, உழவன் செயலியிலேயே பதியலாம். சீசனில் வரிசை நீளும். முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

மானியத்துக்காகக் காத்திருந்து சாகுபடிப் பட்டத்தைத் தவறவிடுவது

கிடைத்தால் நல்லது. அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

பழைய விலையை வைத்துப் பேசுவது

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. கொட்டேஷனில் எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பழைய வண்டியை மீட்டரைப் பார்த்து வாங்குவது

மணி மீட்டரை மாற்றலாம். பின் அச்சுக் கூட்டில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கேஜ் வீல் அடி வாங்கிய வண்டியில் அங்கேதான் விரிசல் விடும். வெளி மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று வேண்டும். பேங்க் கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் அந்தப் பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு, அதையும் கேளுங்கள். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே துடைத்துப் படித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.