கொக்குப் படத்துக்குக் கருத்து சொல்வது எப்படி?

எண்ணூர் கழிமுகத்தில் எடுத்த வெள்ளைக் கொக்குப் படத்தைத் தண்டையார்பேட்டை நண்பரிடம் காட்டினேன். "சூப்பர்" என்று நிறுத்தாமல், விரலால் பெரிதாக்கி, "முதுகு வெளுத்துப்போச்சு, இறகின் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை" என்றார். கருத்தை இப்படித்தான் இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். அப்புறம் வழியும் சொன்னார்: வெயிலில் வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவு செய்யும் வெளிச்சத்தின் அளவை, அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைக்கலாம் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

பறவையின் கண் தெளிவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நன்றாக வந்ததையும் குறிப்பாகச் சொல்லுங்கள்.

கருத்து கேட்பவர், "அன்றைக்கு வெளிச்சம் சரியில்லை" என்று உடனே மறுக்க வேண்டாம். முழுதாகக் கேட்டுவிட்டு, அதே இடத்துக்குப் போய்த் திருத்தி எடுங்கள்.

கூட்டை நெருங்கிப் பறவையை மிரட்டி எடுத்த படமா? எவ்வளவு அழகானாலும் நான் பாராட்ட மாட்டேன்.